குளம்பு

போன வருசக் கலண்டரின் பின்பக்கத்தில்
அடிமட்டம் இல்லாமல் அப்பா ஒரு கோடு இழுத்தார்.
இடப்பக்கம் பேராதனை.
வலப்பக்கம் சென்னை.
கீழே போகப் போகக் கோடு சென்னைப் பக்கம் சரிந்தது.
காற்றாடி தாளை அசைத்துப்போட்டுது என்றார்.

பேராதனைக்குக் கீழே:
படிப்புக்குக் காசில்லை.
கண்டி பஸ், போகவர.
குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்.
பகிஷ்கரிப்பு என்று வளாகத்தைப் பூட்டினால்
வீட்டில் இருக்கப்போகும் மாதங்களுக்கு
என்ன தொகை போடுவதென்று தெரியாமல்
ஒரு கேள்விக்குறி.

சென்னைக்குக் கீழே ஒரே வரி.
அதன் பூச்சியங்களை நான் எண்ணவில்லை.
அம்மா எண்ணினா, இரண்டு தரம்.
அதே தமிழ் பேசுகிற ஊரில்
நான் வெளிநாட்டு மாணவி.
அதற்குத்தான் அத்தனை பூச்சியம்.

பெறுபேறு வந்த கிழமை
சுன்னாகத்துச் சனம் துக்கம் விசாரிக்க வந்தது.
மருத்துவத்துக்கு இசட் புள்ளி ஒரு நூல் குறைவாம்.
"பறவாயில்லைப் பிள்ளை,
மாட்டு டொக்டர் எண்டாலும் டொக்டர்தானே."
பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி
எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.
படிவத்தில் முதலாவதாக நான் எதை எழுதினேன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்காபரோ சித்தி காசு தருகிறேன் என்றா.
"நாய் பூனை படி, மோனை.
இஞ்ச பூனைக்குப் பல்லுத் துப்புரவாக்கவே
மனிசர் கடன் எடுக்குதுகள்.
முடிச்சிட்டு இஞ்சால வரலாம்."
அவ பொய் சொல்கிறவ இல்லை.
அவவின் பூனை கமராவுக்குக் குறுக்கே நடந்தது.
கொஞ்ச நேரம் வால் மட்டும்
என்னோடு கதைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை குறிகட்டுவானில் படகேறினேன்.
நெடுந்தீவில் மச்சாள் வினோதரசி
கணக்குப் படிப்பிக்கிறா.
அவவின் சைக்கிளில், கல்வேலி ஓரமாய்,
வெயில் கண்ணைக் குத்தக் குத்த
வெளிக்குப் போனோம்.
ஏழெட்டுக் குதிரைகள்.
மண்ணிறப் பெட்டை ஒன்று தள்ளி நின்றது.
முன் இடக்கால் தரையில் படவில்லை.
குளம்பு மேலிருந்து கீழாக வெடித்திருந்தது,
வற்றின குளத்தின் அடிச்சேறு மாதிரி.

நான் பத்து அடி வைத்தேன்.
அது மூன்று காலில் பத்து அடி விலகியது.
திரும்பப் பத்து. திரும்பப் பத்து.
அதை நடக்கவைத்து நோகப்பண்ணுவது நான்தான்
என்று விளங்க
இவ்வளவு நேரம் எடுத்தது எனக்கு.

"இதுகளை ஆர் பாக்கிறது?"
"ஆர்?" என்றா வினோதரசி.
கேள்வியைத் திருப்பித் தந்தாவா,
பதில் சொன்னாவா,
இன்றுவரை தெரியாது.

பேராதனையில் மூன்றாம் வருசம் படிக்கும்
ஜெயசுதன் அண்ணாவுக்கு எடுத்தேன்.
சிரித்தார்.
"மாடு கிடக்கு, ஆடு கிடக்கு, கோழி கணக்கில்லை,
அதிர்ஷ்டம் இருந்தா யானையும் காணலாம்.
குதிரை, தங்கச்சி, படத்திலதான் கூட."
சென்னையில்?
"அங்க தனி வாட்டே இருக்காம்."
இருக்காம் என்றார், இரண்டு தரம்.
போய்ப் பார்த்தவர் இல்லை.

ஆக,
குதிரை நிற்கிற இடத்துக்குக் காசில்லை.
காசு வருகிற வழியில் பூனை படுத்திருக்கிறது.
காசு கேட்காத இடத்தில்
குதிரை, படத்தில்.

படம் போதும், தொடங்குவதற்கு,
என்று சில இரவு தோன்றும்.
விடிந்தால் தோன்றாது.

நேற்றுச் சித்திக்கு எடுத்தேன்.
"என்னடி முடிவு?"
"குதிரை" என்றேன்.
"குதிரையோ? ஆற்றை குதிரை?"
"ஒருத்தற்றையும் இல்லை, சித்தி."
லைன் விட்டுப்போச்சோ என்று பார்த்தேன்.
இல்லை. பூனை கத்தியது கேட்டது.
"சரி, சாப்பிட்டியே?" என்றா பிறகு,
வேறொரு குரலில்.

அப்பா கலண்டரை எடுத்துவந்தார்.
முன்பக்கத்தில் போன வருசம் அப்படியே கிடந்தது:
காஸ் மாத்தின திகதி, சீட்டுக்காசு கட்டின நாள்,
என் சோதனை நாட்களைச் சுற்றி
அம்மா போட்ட சிவப்பு வட்டங்கள்.
அவர் தாளைத் திருப்பி, பேனையை நீட்டினார்.

பேராதனைப் பக்கத்துக் கேள்விக்குறியை வெட்டினேன்.
அந்த இடத்தில் எழுதினேன்:
நெடுந்தீவுப் படகு, போகவர.

"எத்தனை தரத்துக்கு?"
என்று கேட்டார் அப்பா,
கணக்குப் பார்க்க.